என் தலையைச் சுற்றிய படிகாரக் கல்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். சின்னமனூருக்குப் பக்கத்தில் மார்க்கையன்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. வேதியியலில் எம்.எஸ்சி., அதன்பின் பி.எட். முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை. அம்மாவும் அங்கேதான், பழம் வெட்டித் தரம் பிரிப்பாள். எங்கள் சொந்தத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் என் வேலை என்பது என் ஒருவனுடைய கவலையாக இல்லை.

அதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்களில் மாதிரி வகுப்பு எடுத்துத் தோற்றிருந்தேன். பாடம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரும்பலகைப் பக்கம் திரும்பி சாக்பீஸோடு பேச ஆரம்பித்துவிடுவேன். "சொல்லி அனுப்புறோம் சார்" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. அடுத்ததும் இப்படியே போனால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா மகனோடு போய்ச் சேர்ந்துகொள்வதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவர் மருந்தடிக்கிற டேங்கை வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பொழுதுபோகாமல் வீட்டில் படிகம் வளர்க்க ஆரம்பித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கொதிக்கும் தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற வரை படிகாரத்தைக் கரைத்து, வடிகட்டி, ஆறவிட வேண்டும். பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீருக்குள் வைத்துச் சட்டென்று ஆறவைத்தால் அடியில் சீனி மாதிரிப் பொடிப் படிகங்கள் குவியும். ராத்திரி முழுக்கத் தானாக ஆறவிட்டால் காலையில் கொட்டைப்பாக்கு அளவில் சில கிடைக்கும். அதில் முனை மழுங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நூலில் கட்டி, புதிய கரைசலுக்குள் தொங்கவிட்டு, அசைக்காமல் காத்திருந்தால் அது வளர்ந்துகொண்டே போகும். அவசரப்பட்டால் சிறியது, பொறுத்தால் பெரியது. அவ்வளவுதான் பாடம்.

சொல்வதற்குத்தான் எளிது. மத்தியானம் வெயில் ஏறினால் கரைசல் சூடாகி, காலையில் வளர்ந்ததைக் கரைத்துவிடும். மலைக் கணவாய் வழியாகக் காற்று அடித்தால் தூசி விழுந்து, அந்தத் தூசியைப் பிடித்துக்கொண்டு நூறு குட்டிப் படிகங்கள் முளைக்கும். அவற்றையெல்லாம் எடுத்துப் போட்டால்தான் நடுவில் இருப்பது பெரிதாகும். இரண்டு மூன்று தடவை பாழாய்ப் போய், கடைசியாக ஒன்று பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. எட்டு முகங்கள். கத்தியால் சீவினாற்போல் ஓரங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற சன்னல் கம்பி தெரியும்.

திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்திலும் முயன்றேன். நீலக்கல் மாதிரி அழகாக வந்தது. ஆனால் அது விஷம். பரணில் பூட்டி வைத்துவிட்டு, கேட்பவர்களுக்குப் பாட்டிலோடு மட்டும் காட்டுவேன். "டப்பா எதையும் தொடாதம்மா" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவும் என் டப்பாக்கள் பக்கம் விளக்குமாற்றைக்கூடக் கொண்டுபோக மாட்டாள்.

அப்போதுதான் உத்தமபாளையம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த டீச்சர் திடீரென்று ஊர் மாறிப் போய்விட, அவசரமாக ஆள் தேவை. திங்கட்கிழமை காலை மாதிரி வகுப்பு. கரைசல் பற்றிய பாடம். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படிகத்தைத் தூக்கிக் காட்டினால் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். அதன் பின்னால் ஒளிந்துகொண்டு முழுப் பாடத்தையும் நடத்திவிடலாம். இதுதான் என் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெரிய படிகத்தைக் கரைசலிலிருந்து எடுத்து, ஒற்றித் துடைத்து, காய்வதற்காகப் பின்கட்டில் ஒரு ஆணியில் நூலோடு தொங்கவிட்டேன். சட்டை தேய்க்கக் கொடுத்ததை வாங்கி வரக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"மதினி, தெருவே இதத்தான் பேசுது. ஒங்க மகன் வீட்டுக்குள்ளயே வைரம் வெளைய வைக்கிறாராம்ல. நாளைக்கு வேலைக்கு வேற போறாக. எனக்கே பொறாமையா இருக்குன்னா பாத்துக்கங்க."

"வைரமா. குடிக்கிற தண்ணிக் குண்டானத் தூக்கிட்டுப் போயி உப்பக் கரைச்சுக்கிட்டுத் திரியிறான்" என்று அம்மா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அரைகுறையாக நின்றது. அத்தை சொன்ன 'பொறாமை' அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

விளக்கு வைத்த கையோடு என்னைக் கூப்பிட்டாள். "இங்கன வந்து கெழக்க பாத்து உக்காரு."

"எதுக்கும்மா?"

"உக்காருலே. எம்.எஸ்சி. படிச்சா ஒக்காரக்கூடாதா?"

சுத்திப் போடப்போகிறாள் என்று புரிந்தது. எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் உண்டு. கண்பட்டிருந்தால் ஒரு படிகாரக் கல்லை ஆளின் தலையைச் சுற்றி, கங்கில் போடுவார்கள். கல் உருகிக் கொப்பளித்துப் பொரிந்து நிற்கும். எந்த உருவத்தில் பொரிகிறதோ அதை வைத்து யாருடைய கண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அதைக் கால் படாத இடத்திலோ ஓடுகிற தண்ணீரிலோ போட்டுவிட வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நாளைக்கு வேலைக்குப் போகிறவனின் அம்மாவோடு யார் சண்டை போடுவது? கண்ணை மூடி உட்கார்ந்தேன். அம்மாவின் மூடிய கை வலமாகவும் இடமாகவும் என் முகத்தைச் சுற்றி வந்தது. "ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு" என்று முணுமுணுத்தாள். துப்பச் சொன்னாள், துப்பினேன். வெந்நீர் அடுப்பில் கிடந்த கங்கில் போட்டாள். உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

அத்தையும் ஓடி வந்து அடுப்பில் எட்டிப் பார்த்தார். "அடியாத்தே, எம்புட்டுப் பெருசாப் பொரியுது பாருங்க மதினி. மூக்கு வச்சிருக்கு. இது மேலத்தெருக் கண்ணுதான், சந்தேகமே இல்ல."

"பேர் சொல்லாத. சும்மா இரு" என்றாள் அம்மா.

நான் சிரித்துக்கொண்டே எழுந்து, நாளைக்கான பையை எடுத்து வைக்கப் பின்கட்டுக்குப் போனேன். ஆணி இருந்தது. ஆணியில் அறுந்த நூல் இருந்தது. கல் இல்லை.

கீழே விழுந்துவிட்டதோ என்று தரையில் தடவினேன். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன். பிறகு அந்த உஸ்ஸென்ற சத்தம் மறுபடியும் காதில் கேட்டது. மெதுவாக வெளியே வந்து கேட்டேன். "அம்மா, ஆணியில தொங்குன கல்லு எங்க?"

"அதத்தானப்பா சுத்துனேன். இருந்த படிகாரத்தப் பூராம் நீ கரைச்சு ஊத்திட்ட. வாசல்ல தொங்குறது வீட்டுமேல கண்ணு படாம இருக்கக் கட்டுன கல்லு, அத ஆளுக்குச் சுத்தக்கூடாது. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கடையும் இல்ல. பாத்தா ஆணியில புதுசா ஒண்ணு. வாசலுக்கு மாத்தத்தான் நூலு கட்டி வச்சிருக்கன்னு நெனச்சேன்."

"தொடாதன்னு சொன்னேன்லம்மா."

"டப்பாவத் தொடாதன்னுதான சொன்ன? இது ஆணியிலதான தொங்குச்சு?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் ஊரில் நூலில் தொங்குகிற படிகாரத்துக்கு வேறு என்ன வேலை? அப்படியே அம்மிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு விஷயம் உறைத்தது.

"நாளைக்குக் கொண்டு போறதா அது?" என்றாள். தலையாட்டினேன். "படிகாரம்தானப்பா, காலையில கட தொறந்ததும் வாங்கித் தாரேன்" என்றாள். கடையில் கிடைப்பது உடைத்த கல், இது வளர்த்த கல் என்று சொன்னேன். "வளத்ததா?" என்றாள். அப்போதுதான் உள்ளே வந்த அப்பா, "ரெண்டு மாசமா வளத்தான். நானே வெடியக்காலம் எந்திரிச்சா ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அம்மா பொரிந்த கல்லைக் கரண்டியால் எடுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, வாய்க்காலில் போடக் கிளம்பினாள். அதைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று சிரட்டையைக் கையில் வாங்கினேன். அங்கேதான் எனக்குள் ஏதோ தட்டியது. கல் முன்பைவிடப் பல மடங்கு ஊதியிருந்தது. ஆனால் அரிசிப் பொரி மாதிரிக் கனமே இல்லை. காணாமல் போன கனம் முழுக்கத் தண்ணீர். படிகாரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, அதன் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் தண்ணீர்தான். படிகமாக்கல் நீர் என்று பாடப் புத்தகத்தில் வரும். நாளைக்கு நான் எடுக்கவேண்டிய அதே பாடத்தில், அடுத்த பக்கத்தில்.

"அம்மா, இத நான் நாளைக்குக் கொண்டு போறேன்."

அம்மா சிரட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "ஏலே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒம் மேல இருந்த கண்ணப் பூராம் வாங்குன கல்லு இது. இதத் தூக்கிட்டா வேல கேக்கப் போவ? அதுவும் கோயில் வச்சிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு?"

நான் வாதாடவில்லை. இது கெடுதல் செய்யாது என்று அவளுக்கு நிரூபிக்க என்னிடம் எந்தப் பரிசோதனையும் இல்லை. எனக்குப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துப் பயம், அவளுக்கு ஊர்க்கண்ணைப் பார்த்துப் பயம். என் பயத்துக்கு நான் ஒரு கல்லை நம்பியிருந்தேன், அவளும் அதே கல்லைத்தான் நம்பியிருந்தாள். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். உள்ளே அப்பா, "அவனாத்தான கேக்குறான்" என்றதும், "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று அம்மா சொன்னதும் கேட்டது.

காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, என் பைக்குப் பக்கத்தில் அந்தச் சிரட்டை இருந்தது. மேலே இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்து, வேப்பிலையைச் சொருகி, கேரிபேக்கில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். முகம் மட்டும் இறுகிப் போயிருந்தது.

"கையால தொடாத. அந்தப் பிள்ளைக கையிலயும் குடுத்துறாத. வேல முடிஞ்சதும் திரும்புகால்ல உத்தமபாளையம் பாலத்துல எறங்கி ஆத்துல போட்டுரு. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். சரின்னு சொல்லு."

"சரிம்மா" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் என்னை நேராகப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையான சிஸ்டரும் இன்னொரு டீச்சரும் உட்கார்ந்தார்கள். வணக்கம் சொன்னேன். எல்லாக் கண்ணும் என்மேல். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. பலகையில் தலைப்பை எழுதிவிட்டு, கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். இதுவும் போயிற்று, திருப்பூர்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பி, வேறு வழியில்லாமல் கேரிபேக்கை அவிழ்த்துச் சிரட்டையை மேசைமேல் திறந்து வைத்தேன்.

முதல் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சார், இது கண்ணுக்குச் சுத்திப் போட்ட படிகாரம்ல. இத எதுக்கு சார் கிளாசுக்குக் கொண்டாந்தீக?"

வகுப்பே சிரித்தது. பின்னால் சிஸ்டர் என்ன நினைக்கிறார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொய் சொல்லவும் தோன்றவில்லை. "ஆமா. நேத்து எங்க அம்மா எனக்குச் சுத்துனது. இன்னைக்கு ஒங்க முன்னாடி நிக்கப் போறேன்ல, அதுக்கு" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. "யாரு கண்ணு சார்?" என்று ஒரு குரல். "பக்கத்து வீட்டு அத்தை மேலத்தெருங்கிறாக. அந்த அத்தையோட கண்ணா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம்" என்றேன். அதற்குப் பிறகு நாக்கு எங்கே ஒட்டியது, எப்போது விட்டது என்று எனக்கே தெரியவில்லை.

"ஒங்க வீட்டுல போடுறப்ப சத்தம் கேட்டிருக்கீங்களா?"

"உஸ்ஸுன்னு கேக்கும் சார்."

"வேற எப்ப அந்தச் சத்தம் கேக்கும்?"

"தோசைக்கல்லுல தண்ணி தெளிக்கிறப்ப" என்றாள் ரெட்டைச் சடை.

"கல்லு காஞ்சுதான இருந்துச்சு? அப்ப தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

வகுப்பு அமைதியானது. யோசிக்கிற பிள்ளைகளின் அமைதி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். சன்னலோரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி, "கல்லுக்குள்ளயேவா சார் இருந்துச்சு?" என்றாள். அங்கிருந்து பாடம் தானாக நடந்தது. நான் கொண்டு போயிருந்த சீனி அளவுப் படிகங்களும் கொட்டைப்பாக்கு அளவுப் படிகங்களும் கைமாறின. ஏன் சிறுசு, ஏன் பெருசு என்று கேட்டேன். கொத்தில் காய் நெருங்கினால் திராட்சை சிறுத்துப் போகும், அது மாதிரியா என்று திருப்பிக் கேட்டாள் ஒருத்தி. தோட்டத்து வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். மணி அடித்தபோது அதன்பின் நான் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தலைப்புக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அலுவலக அறையில் சிஸ்டர் ஒரு கேள்விதான் கேட்டார். "பிள்ளைங்க நாளைக்கு உங்ககிட்ட, 'சார், கண்ணேறு உண்டா இல்லையா'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

இதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. "கல்லு பொரியிறதுக்குக் காரணம் தண்ணிதான் சிஸ்டர். அத உறுதியாச் சொல்லிருவேன். அம்மா சுத்துறதுக்குக் காரணம் வேற. அதுக்கு எனக்குச் சமன்பாடு எழுதத் தெரியாது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதன்கிழமை வந்து சேர்ந்துக்கங்க. அந்தச் சிரட்டைய மட்டும் இங்க விட்டுட்டுப் போயிராதீங்க" என்றார்.

உத்தமபாளையத்தில் இறங்கிப் பாலத்துக்கு நடந்தேன். மழைக்காலம் என்பதால் முல்லையாறு கலங்கலாக, நிறைந்து ஓடியது. பையைப் பிரித்துச் சிரட்டையைக் கையில் எடுத்தபோது மனசு கேட்கவில்லை. வேலை வாங்கித் தந்த கல். ஒரு சின்னத் துண்டையாவது உடைத்து வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அதைவிட இன்னொரு ஆசை பெரிதாக இருந்தது. இவ்வளவு ஊதிய கல் தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா, மூழ்குமா? போன தண்ணீரை மறுபடி குடித்துக் கரைந்துவிடுமா? வேதியியல் படித்தவனுக்கு இதைப் பார்க்காமல் போவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் புரியாது. ஒரு நொடி எட்டிப் பார்த்தால் போதும். அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

கல்லைக் கவிழ்த்துவிட்டேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி நடந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. வேலை கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை.

"ஆத்துல போட்டியா?"

"போட்டேம்மா."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லம்மா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பானையில் சொம்பை முக்கி, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். "வெடிஞ்சதுலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நான் சொன்னாக் கேட்டாத்தான" என்றார் அப்பா. அதற்குப் பிறகுதான் புதன்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அதான் பாத்தேன், நல்லாப் பொரிஞ்சுச்சு" என்றாள்.

இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். ஆய்வகத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு படிகம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளைகள் வளர்த்தது. வீட்டில் எதையாவது நூலில் தொங்கவிட்டால், "இது எதுக்குத் தொங்குது, வளக்கவா, சுத்தவா?" என்று அம்மா கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறாள். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது யாராவது ஒரு பிள்ளை, "பொரிஞ்ச கல்லத் தண்ணியில போட்டா மெதக்குமா சார்?" என்று கேட்கும். ஒரு டம்ளரில் போட்டுப் பார்த்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். நான் மட்டும் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. "வீட்டுல போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிடுகிறேன், அவர்கள் வந்து சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஏனென்றால் தன் பயத்தை விழுங்கிக்கொண்டு அம்மா என் கையில் கொடுத்த ஒன்றுக்கு, பதிலாக நான் கொடுக்க முடிந்தது அந்தப் பாலத்தில் திரும்பிப் பார்க்காமல் வந்த அந்த ஒரு நொடியைத்தான்.